கீழப்பாதிக்கு வராத சிக்னல்

டிசம்பர் 1, திங்கள்

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது வெள்ளிக்கிழமை காலை. வீட்டில் நெட் படுத்தது வெள்ளிக்கிழமை மாலை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

வைஃபை பெட்டி வீட்டின் மேற்குப் பக்கமான மேலப்பாதியில், பழைய ஹாலில், அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. மேலப்பாதி இப்போது என் கூடப்பிறந்தவருக்குப் போய்விட்டது. அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. இனிமேல் இந்த நோட்டில் அவர் மேலவீட்டார். கிழக்கே கீழப்பாதி எனக்கு. முப்பது வருஷம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து பிரித்துக் கொடுத்தவன், என் வீட்டை நானே டேப் பிடித்து அளந்தேன். ஒரு அங்குலம் அந்தப் பக்கம் போகவில்லை.

சாமான்களில் மரம் எல்லாம் அவருக்கு, இரும்பு செம்பு பித்தளை எல்லாம் எனக்கு. மத்தியஸ்தம் பேச வந்தவர்கள் தொண்டை வறண்டு போனது அப்பாவின் இரும்பு பீரோவுக்காகத்தான். விடவில்லை. வாங்கிவிட்டேன். ஹாலுக்கும் எங்கள் நடு அறைக்கும் இடையே இருக்கிற பெரிய கதவை என் செலவில் செங்கல் வைத்து அடைக்க வேண்டும் என்பது பத்திர ஏற்பாடு. கொத்தனார் வரும்வரை அந்தக் கதவை மறைத்து பீரோவை நிறுத்தியிருக்கிறேன். இரண்டு பக்கமும் செம்பு அண்டா, பித்தளைக் குடங்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது.

நெட் மட்டும் இல்லை. அவர் எதையோ திருகி வைத்திருக்கிறார்.

டிசம்பர் 3, புதன்

மகள் விசாலி ஆவணியிலிருந்து இங்கே இருக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் கணக்கைச் சரிபார்க்கிற வேலையாம். மத்தியானம் ஆரம்பித்து ராத்திரி சாப்பாட்டு வேளை வரை. சென்னையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தபோது வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். பஸ் கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். இப்போது சரியாகிவிட்டது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். "சார், பெட்டிய ஒரு தடவ அணைச்சுப் போடுங்க." அதை அணைக்க நான் அந்த வீட்டுப் படி ஏற வேண்டும். ஏற மாட்டேன். "வேற வழி சொல்லும்மா" என்றேன். வேறு வழி இல்லையாம். அதற்கு எதற்கு ஒரு கம்பெனி?

செல்போனில் நெட் பிடித்துக்கொள்ளலாமே என்று செண்பகம் கேட்டாள். என் மனைவிக்கு இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இந்தச் சுண்ணாம்புச் சுவர்களின் கனம் தெரியவில்லை. உள்ளே சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. மாடிக்குப் போனால் கிடைக்கும். மாடிப்படி மேலப்பாதியில் இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

நெட்காரப் பையன் செல்வின் வந்தான். முதலில் மேலவீட்டுக்குப் போனான். அங்கே காபி குடித்துவிட்டு ஆடி அசைந்து இங்கே வந்தான்.

"சார், அங்க பறக்குது சார்."

"இங்க?"

போனைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "இங்க செத்துருக்கு."

"புதுசா எங்களுக்குத் தனி லைன் குடு."

"தெருப் பெட்டியில எடம் இல்ல சார். பொங்கல் கழிஞ்சு வேற பெட்டி வைப்பாங்க. அப்பதான்."

அவன் இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் நான் யோசித்திருப்பேன். இப்போதுள்ள இணைப்பு அப்பா பெயரில் இருக்கிறது. பத்திரத்தில் எழுத மறந்துபோன ஒரே சொத்து. அதில் எனக்குப் பாதி உரிமை உண்டு. தனி லைன் வாங்கினால் அந்தப் பாதியை விட்டுக்கொடுத்ததாக ஆகாதா? இதெல்லாம் செண்பகத்துக்குப் புரியாது.

அந்த ஆள் பெட்டிக்குள் ஏதாவது பூட்டு போட்டிருப்பார், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று செல்வினை விரட்டினேன். போய் அழித்துவிட்டு வந்தான். இப்போது பாஸ்வேர்டும் போய்விட்டது. இருந்த அரைக் கோடும் இல்லை. புது பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால், "அத அவங்க போட்டுக்கிட்டாங்க சார், நான் பாக்கல" என்கிறான்.

டிசம்பர் 7, ஞாயிறு

காக்காய்க்குச் சோறு வைப்பது அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. பின்கட்டில் புதிதாக எழுப்பிய நடுச்சுவரின் மேல் நான் என் பக்கத்தில் வைக்கிறேன், அவர் அவர் பக்கத்தில் வைக்கிறார். ஒருத்தர் தலை ஒருத்தருக்குத் தெரியாது. காக்காய் இரண்டு பக்கமும் தின்கிறது, நன்றி கெட்டது.

இன்று நான் சோற்றை வைத்த உடனே அந்தப் பக்கத்திலிருந்து குரல். அவர் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவர். கம்பத்தின் மேல் நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரி கத்தித்தான் பழக்கம்.

"ஏ காக்கா! பாஸ்வேர்டு மாத்தியாச்சு. கேட்டுக்கோ. வி, ஐ, எஸ், ஏ, எல், ஐ. எல்லாம் சின்ன எழுத்து. பொறவு ஒண்ணு ரெண்டு மூணு. திரும்பச் சொல்லமாட்டேன்."

திரும்பவும் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

என் மகள் பெயரைப் பெட்டிக்குப் பாஸ்வேர்டாக வைக்க இவர் யார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? போதாததற்குத் தெருவே கேட்கக் கூவுகிறார். உள்ளே வந்து விசாலியிடம் பொரிந்தேன். அவள் ஏற்கெனவே லேப்டாப்பில் போட்டு முடித்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு. ஆவணிக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பாஸ்வேர்டு சரி. சிக்னல் அரைக் கோடு.

டிசம்பர் 10, புதன்

அரசாங்கம் கற்றுக் கொடுத்த வழியிலேயே இதைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கீழப்பாதி முழுக்கச் சர்வே செய்தேன். ஒவ்வொரு இடத்திலும் போனைப் பிடித்து, எத்தனை கோடு என்று தரையில் எழுதி, ஒரே அளவுள்ள இடங்களைச் சேர்த்து வரைந்தேன். செண்பகம் கோலமாவு வீணாகிறது என்று நினைத்துச் சத்தம் போட்டாள். சாக்பீஸ் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

சமையலறை மூலையில் இரண்டு கோடு வருகிறது. வாசல் பக்கம் ஒன்று. நடு அறையில், விசாலி மேஜை போட்டிருக்கிற இடத்தில், சைபர். சைபர் இடங்களைச் சேர்த்து வரைந்தால், பீரோவில் ஆரம்பித்து எதிர்ச்சுவர் வரை அகன்று போகிற ஒரு பட்டை.

விசாலி நின்று பார்த்தாள். "அப்பா, இது பீரோவோட நெழலு மாதிரில்லா இருக்கு."

"நெழலு வெளிச்சத்துக்குத்தான் விழும்" என்றேன்.

மேஜையைச் சமையலறை மூலைக்குப் போட முடியாது. மீட்டிங்கில் வெள்ளைக்காரன் பார்க்கிற நேரத்தில் பின்னால் குக்கர் விசில் அடிக்கும்.

டிசம்பர் 12, வெள்ளி

என்னதான் சூது இது! இன்று காக்காயிடம் சொல்கிறார்:

"ஏ காக்கா, இரும்பு வழியா அது போவாதுன்னு சொல்லு. செம்பு வழியாவும் போவாது. பீரோவ நவுத்தச் சொல்லு, எல்லாம் சரியாயிரும்."

ஆக, கண் இன்னும் பீரோ மேல்தான். நான் நகர்த்த வேண்டும், கதவு தெரிய வேண்டும், பிறகு "அது அங்ஙன சும்மாத்தான நிக்கி" என்று ஒரு பேச்சை ஆரம்பிக்க வேண்டும். மத்தியஸ்தர்கள் முன்னால் தோற்றதை நெட்டை வைத்து ஜெயிக்கப் பார்க்கிறார்.

நானும் காக்காயிடம் சொன்னேன். "பத்திரத்துல கையெழுத்து போட்ட மை காயுமுன்ன அடுத்தவன் சாமான் மேல ஆசப்படுதவங்கள நான் பாத்ததில்ல காக்கா."

அந்தப் பக்கம் சொம்பு உருண்ட சத்தம். மனநிறைவாக இருந்தது. உள்ளே வந்து மிச்சமிருந்த பித்தளைத் தாம்பாளங்களையும் பீரோ மேல் அடுக்கினேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. கொத்தனார் இனி தை மாதம்தான் கை வைப்பார். கார்த்திகையிலேயே வந்திருந்தால் கதவு அடைபட்டிருக்கும், பீரோவை வேறு இடத்தில் வைத்திருக்கலாம். கொத்தனார்களை நம்பவே கூடாது என்றேன்.

"அவர் சிமிண்டோட வந்தாரு. நீங்கதான இன்னிக்கு நாளு சரியில்லன்னு திருப்பி அனுப்பிச்சிய" என்கிறாள் செண்பகம். நாள் நிஜமாகவே சரியில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று மீட்டிங் நடுவில் நெட் அறுந்தது. விசாலி பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து, வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது.

சாயங்காலம் அவள் மேனேஜர் போன் செய்தார். நான் கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஜனவரி பத்தொன்பதாம் தேதி அவளுக்கு ஒரு ரிவ்யூ இருக்கிறது. அதிலும் இப்படி ஆனால் வீட்டிலிருந்து வேலை கிடையாது. பிப்ரவரி முதல் சென்னை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

"சென்னைதான, போயிட்டு வந்தா என்ன?" என்றேன்.

விசாலி என்னைப் பார்த்தாள். "அந்த ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு உங்க மாப்பிள்ள என்ன பண்ணுனாருன்னு அம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். செண்பகம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

எல்லாம் அந்த மேலவீட்டாரால் வந்தது.

டிசம்பர் 23, செவ்வாய்

மாப்பிள்ளை கிருபாகரன் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். மாமா உடம்பு எப்படி, அத்தை உடம்பு எப்படி என்று விசாரித்தார். நானும் ஊர் நிலவரம் கொஞ்சம் சொன்னேன்.

மழைத் தூறல். புளி உலர்த்தியதை எடுத்து உள்ளே வைத்தோம்.

டிசம்பர் 26, வெள்ளி

சாப்பிடும்போது பேச்சு எங்கேயோ போய் எங்கேயோ வந்தது. விசாலி கல்யாணம் ஆனதிலிருந்துதான் இந்தக் குடும்பத்துக்குச் சனி பிடித்தது, மேலவீட்டார் அன்றைக்கே பந்தியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், வாழ்த்துகிறவன் வாழ்த்தியிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்றேன்.

செண்பகம் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க அண்ணாச்சி அந்த வீட்டுச் சம்மந்தம் வேண்டாம்னு மூணு தடவ வந்து சொன்னாவ. பையன் அடிக்கக் கைநீட்டுதவன்னு விசாரிச்சிட்டு வந்து சொன்னாவ. புள்ள இல்லாதவனுக்குப் பொறாமன்னு நீங்க சொன்னிய. அன்னைக்கு எந்திரிச்சுப் போனவுக, பொறவு உங்ககிட்ட பேசவே இல்ல."

விசாலி சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரசத்தில் உப்பு அதிகம்.

ஜனவரி 3, சனி

சிக்னலைப் பெருக்குகிற ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது என்று தபால் ஆபீஸில் ஒருத்தர் சொன்னார். வரவழைத்தேன். உயரமான இடத்தில் வைக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருந்ததால் பீரோ உச்சியில், தாம்பாளங்களுக்கு நடுவில் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

செல்வினைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "இல்லாதத எப்படி சார் பெருக்கும்?" என்றான். வாய்ப் பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை இவனுக்கு. பெட்டியை எடுத்துப் பரணில் போட்டேன்.

ஜனவரி 10, சனி

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து பீரோவை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அண்டா, குடம், தாம்பாளம் எல்லாம் வெளியே. அறை வெறிச்சென்று ஆகிவிட்டது. கதவு மட்டும் நிற்கிறது. சின்ன வயதில் நானும் அவரும் உயரம் அளந்து ஆணியால் கீறின கோடுகள் நிலையில் அப்படியே இருக்கின்றன. அதன் மேலும் அடிக்கச் சொன்னேன். மரத்தில் சுண்ணாம்பு அடிக்கக் கூடாதாம். சரி, விடு என்றேன்.

மத்தியானம் விசாலி அறையிலிருந்து, "அப்பா, நாலு கோடு!" என்று கத்தினாள்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றும் நாலு கோடு. பண்டிகை வருகிறது, வெள்ளையடிக்கிற ஆட்கள் பார்க்கிறார்கள், அதனால் மேலவீட்டார் கொஞ்சம் நல்லவராக நடிக்கிறார். இதுதான் நான் புரிந்துகொண்டது.

ஜனவரி 12, திங்கள்

பீரோவைப் பழைய இடத்தில் வைத்தோம். சிக்னல் போய்விட்டது.

விசாலி அறை நடுவில் நின்றாள். குரல் உயரவில்லை. "அப்பா, இப்பமாவது தெரியுதா? பீரோவ அந்தச் செவுத்துக்குப் போடுங்க."

"அத எடுத்தா கதவு தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

அதை அவளுக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இருபதாம் தேதி கொத்தனார் வருகிறார். செங்கல் வைத்த பிறகு பீரோவை அவள் சொன்ன சுவருக்கே போடுகிறேன் என்றேன்.

"ரிவ்யூ பத்தொன்பதாந்தேதி. செங்கல் வச்ச பொறவு சிக்னல் எப்படி வரும்?" என்றாள். "சரி, அன்னைக்கு மட்டும் நான் பெரியப்பா வீட்ல போயி ஒக்காந்து பேசிட்டு வாரேன்."

கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் படியை மிதித்தால் இந்தப் படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். ஒரு வீட்டிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்டவளிடம் சொல்கிற வார்த்தையா என்று செண்பகம் அடுப்படியில் தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பானை, அந்தப் பக்கம் ஒரு பானை. அவர்கள் பானை முதலில் பொங்கியது. நான் அதைவிடச் சத்தமாகக் குலவையிடச் சொன்னேன். செண்பகம் குலவையிடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பதினொரு மணிவாக்கில் வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளை. கையில் ஸ்வீட் பெட்டி. வாங்க என்றேன், வேறென்ன சொல்ல? அறையில் நாற்காலி போட்டேன். விசாலி மேஜையில் நாளைய ரிவ்யூவுக்கு எதையோ தயார் செய்துகொண்டிருந்தாள். எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள்.

"மாமா, நடந்தது நடந்து போச்சு. எல்லா வீட்லயும் நடக்கறதுதான். நான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றார்.

"நான் வரல" என்றாள் விசாலி.

"இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? நெட்டே இல்லையாம், எப்படியும் பிப்ரவரியில சென்னைக்குத்தான் வரணுமாம். வந்ததும் நம்ம வீட்டுக்கே அனுப்பறேன்னு உங்கப்பாவே சொல்லிட்டாரு. கேளு."

அன்றைக்குப் போனில் நான் சொன்னதுதான். பேச்சுவாக்கில் சொன்னது. ஊரில் நாலு பேர் கேட்கிறார்கள், சும்மா ஊருக்கு வந்திருக்கிறாள் என்று எத்தனை நாளைக்குச் சமாளிப்பது என்ற யோசனையில் சொன்னது. விசாலி என்னைப் பார்த்தாள். என் ஆயுசில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை எழுந்து மேஜைக்குப் போனார். லேப்டாப்பை மூடிப் பையில் போட்டார். "கிளம்பு" என்றார். அவள் பையைப் பிடித்து இழுத்தாள். அவர் இன்னொரு கையால் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தார். தேடிப் பிடிக்கவில்லை. கட்டுப் போட்டிருந்த அதே இடத்துக்கு அந்தக் கை பழக்கப்பட்ட மாதிரி நேராகப் போனது. கொஞ்சமாகத் திருகினார். விசாலி சத்தம் போடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தம் போடாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

பஸ் கதவு இல்லை. பஸ் கதவு கிடையவே கிடையாது.

செண்பகம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அப்போதுதான் பீரோவுக்குப் பின்னால் தடதடவென்று இடி.

"ஏல சங்கரா! பீரோவ நவுத்துல!"

கூடப்பிறந்தவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கதவை அந்தப் பக்கமிருந்து தள்ளுகிறார். கதவு பீரோவில் வந்து மோதுகிறது. மேலே இருந்த தாம்பாளங்கள் ஆடின, ஒரு குடம் உருண்டு விழுந்தது.

"பீரோவ நவுத்துலங்கேன்!"

நான் பீரோவில் கை வைத்தேன். நான்கு ஆள் தூக்கிய பீரோ. இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன். செண்பகமும் வந்து தோளைக் கொடுத்தாள். அந்தப் பக்கமிருந்து அவர் தள்ள, தரையில் காரையைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. அண்டா சாய்ந்தது. கதவு ஒரு ஆள் நுழைகிற அளவு திறந்தது.

இடுப்பில் வேட்டி, தோளில் ஈரத் துண்டு. மூச்சு வாங்குகிறது. வயசாகிவிட்டது அவருக்கு. என்னைத் தாண்டிப் போய் மாப்பிள்ளை முன்னால் நின்றார்.

"கைய எடும்."

"இது எங்க குடும்ப விஷயம். நீங்க தலையிடாதீங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன். கைய எடும். பையக் கீழ வையும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மாமா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்த பார்வை. நான் போய் அண்ணாச்சி பக்கத்தில் நின்றேன். "வச்சிட்டுப் போங்க" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கையை எடுத்தார். பையை வைத்தார். வக்கீல், போலீஸ் என்று என்னவோ சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார். செண்பகம் ஸ்வீட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்க் கார் ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு வந்தாள்.

அண்ணாச்சி விசாலி கையைப் பிடித்துப் பார்த்தார். விரலை மடக்கி நீட்டச் சொன்னார். பிறகு பீரோவைப் பார்த்தார். "இது எனக்கு வந்திருக்க வேண்டியது" என்றார்.

"பத்திரத்தப் பாரும்" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவு வழியாகவே போனார். மேஜையில் விசாலியின் போன் வரிசையாகச் சத்தம் கொடுத்தது. காலையிலிருந்து வராத மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கதவைச் சோதித்தேன். நம் பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, அதனால்தான் நான் பீரோவை வைத்தேன். அந்தப் பக்கம் நாதாங்கி உண்டு. பத்திரம் பதிவான அன்றே அதைப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு அந்தப் பக்கம் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நாதாங்கியைச் சேர்த்து அடித்துவிட்டதில் அது பெயிண்டோடு ஒட்டிக் காய்ந்துபோயிருக்கிறது. திறந்தபடி.

ஜனவரி 19, திங்கள்

ரிவ்யூ முடிந்தது. விசாலி நாற்காலியைக் கதவு நிலையிலேயே போட்டுக்கொண்டாள். முன்னங்கால் மேலப்பாதி, பின்னங்கால் கீழப்பாதி. நெட் ஒரு தடவைகூட அறுபடவில்லை. வீட்டிலிருந்தே தொடரலாம் என்று சொல்லிவிட்டார்களாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அண்ணாச்சி மனைவி, என் மதினியிடம் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. காபியைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளை வேறு யாருடன் பேசாமல் இருந்தாலும் தாங்கலாம். நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

மத்தியானம் பின்கட்டில் அவள்தான் காக்காய்க்குச் சோறு வைத்தாள். நான் துணி எடுக்கிற சாக்கில் நின்றேன். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"ஏ காக்கா, நாளைக்குக் கொத்தனார் வருவாரான்னு கேட்டுச் சொல்லு."

ஜனவரி 20, செவ்வாய்

கொத்தனார் விடிந்ததும் வந்துவிட்டார், சைக்கிளில் சிமெண்ட் மூட்டையோடு. செங்கல் வண்டி பின்னால் வருகிறது என்றார். கதவை அடைக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். கதவு அடியில் தரையை உரசுகிறது, தச்சாசாரியைப் பார்த்தால் வரச் சொல்லும், கீழே கொஞ்சம் இழைக்க வேண்டும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

பீரோவை எதிர்ச்சுவருக்குப் போட்டாயிற்று. அண்ணாச்சி ஒரு பக்கம் பிடித்தார். பிடித்துக்கொண்டே, கால் வளைந்திருக்கிறது, துருப் பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்ளத் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று ஏழெட்டுக் குறை சொன்னார். பத்திரத்தை எடுத்துக் காட்டட்டுமா என்றேன். எடு பார்ப்போம் என்றார்.

மத்தியானம் காக்காய்க்கு நான் சோறு வைத்தேன். விசாலி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் நிற்கிற அரவம். பரவாயில்லை, அவரும் கேட்கட்டும்.

"ஏ காக்கா" என்றேன். பெண் பிள்ளையிடம் பேசுவதற்கு இவ்வளவு எச்சில் விழுங்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. "கொத்தனாரத் திருப்பி அனுப்பியாச்சுன்னு சொல்லு. அந்தச் சென்னைக்காரனோட நம்பர அவ அப்பன் போன்லயிருந்து எடுத்தாச்சுன்னு சொல்லு. இனிமே அவ எங்கயும் போக வேண்டாம்னு சொல்லு. யாரு என்ன கேட்டாலும் அவ அப்பன் பாத்துக்கிடுவான்னு சொல்லு."

காக்காய் சோற்றைக் கொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. போனிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் சொம்பைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏ காக்கா" என்றாள். "அப்பாவுக்குப் பசிக்கும். சாப்பிட வரச் சொல்லு."